பிரிவு 31, உட்பிரிவு ஆ

இந்த விதிப்புத்தகத்தில் எல்லாமே பிரிவுகள்தான்.
முதலாவது, வேலையில் சேர்வதைப் பற்றியது.
அதற்கும் பெயர் பிரிவு.

கோடியாக்கில் டிசம்பர். காலை பத்து மணி வரை இருட்டு.
என் மேசையில் கையெழுத்துக்குப் போகவேண்டிய கடிதம்:
லெப்டினன்ட் கமாண்டர் டார்லீன் பெஸ்ட்ரிகாஃப்,
கடலாழ அளவைப் பணி.
'பதவி உயர்வுக்கு இருமுறை பரிசீலிக்கப்பட்டு
இருமுறையும் தேர்ந்தெடுக்கப்படாமையால்...'
மீதியைப் பார்க்காமலே அடிப்பேன்.
இருபத்திரண்டு வருஷமாக ஆட்களை வெளியே அனுப்புகிறேன்.
எனக்குச் சீருடை கிடையாது;
என்னை யாரும் ஒருமுறைகூடப் பரிசீலித்ததில்லை.

விதிக்கு இரக்கமே இல்லை என்று சொல்லமாட்டேன்.
உட்பிரிவு ஆ இருக்கிறது:
நீங்கும் நாளில் பதினெட்டு ஆண்டு முடித்தவரை
இருபது வரை வைத்திருக்க வேண்டும்,
அப்புறம் ஆயுள் முழுக்க ஓய்வூதியம்.
முடிக்காதவருக்கு ஒரு காசோலை, ஒரு கைகுலுக்கல்,
வீட்டுச் சாமான் ஏற்ற ஒரு லாரி,
ஒரே ஒரு தடவை.

ஜூன் முப்பதை வைத்து எண்ணினேன்.
பதினேழு ஆண்டு, பதினொரு மாதம், இருபத்தொரு நாள்.
மாதத்துக்கு முப்பது நாள் என்பது விதி,
பிப்ரவரிக்கு அது தெரியாது.
விரல்விட்டும் எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பது நாள் குறை.

ஒன்பது நாளை எங்கே போய்த் தேட?
கோப்பைப் பின்னாலிருந்து புரட்டினேன்.
கடைவாய்ப்பல் பிடுங்கிய சீட்டு, நீச்சல் தேர்ச்சி,
பெயரைத் தப்பாக அச்சடித்த பாராட்டுப் பத்திரம்,
ஒரு மஞ்சள் தாள்.
சம்பளமில்லா விடுப்பு, ஜனவரி, பதினான்கு நாள்.
பணிக்காலத்தில் சேராது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
தம்பி.

அந்த ஜனவரி இங்கே எல்லோருக்கும் தெரியும்.
நண்டுப் படகு. நாலு பேர்.
மேல்தளத்தில் பனி உறைந்து, பாரம் தாங்காமல் கவிழ்ந்தது.
மூன்று நாள் பறந்துவிட்டு ஹெலிகாப்டர்கள் திரும்பின
(தேடுவதை நிறுத்தவும் ஒரு விதி உண்டு,
அது என் அலமாரியில் இல்லை).
அவள் மாமாவின் சால்மன் படகை எடுத்துக்கொண்டு,
இரவல் சோனாரைக் கயிற்றில் கட்டி இழுத்து,
தரைக்குத் துடைப்பம் போடுகிறவள் மாதிரி
போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
பன்னிரண்டாம் நாள் கண்டுபிடித்தாள்.
எழுபத்துநாலு பாகம் ஆழம்.

எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தேன்.
நாங்கள் அச்சிட்டதுதான்.
சிட்கினாக் தீவுக்குத் தெற்கே
மூழ்கிய படகின் குறி, பக்கத்தில் 74.
ஆழத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.
நாளை எடுத்துக்கொள்ளவில்லை.

போன் செய்தேன். கப்பலில் இருந்தாள்,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.
திருத்த வாரியம் என்று ஒன்று இருக்கிறது மேடம்,
பதிவில் பிழை என்றால் மாற்றுவார்கள்.
அந்தப் பதினான்கு நாளும் அளவைப் பணி என்று
ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.
வரைபடமே சாட்சி சொல்லும்.
ஒன்பது போதும் நமக்கு, ஐந்து மிச்சம்கூட வரும்.

கப்பலுக்குப் பேசினால் பதில் வர
ஒரு நொடி தாமதம் ஆகும்.
இது அதைவிட நீளம்.

'அபாலோஸ், பதிவில் பிழை இல்லை.
நான் அளக்கப் போகவில்லை.'

பிறகு லாரியைப் பற்றிக் கேட்டாள்.
ஒரு படகு எஞ்சின் இருக்கிறது, நானூறு கிலோ வரும்,
வீட்டுச் சாமானில் சேருமா?

சேரும், பிரிவு நாற்பது.
எடை மட்டும் சரியாக இருக்கவேண்டும் என்றேன்.

அது சரியாகத்தான் இருக்கும் என்றாள்.